பள்ளி பிடிக்காத பிள்ளை: வீட்டுக் கல்வி சரிவருமா?

மூன்று, நான்கு வயதில் பள்ளிக்குள் நுழையும் பிள்ளை முதல் சில வாரம் அழுவது இயல்பு. அதுவரை அம்மாவையோ பாட்டியையோ விட்டு அரை நாள்கூடத் தனித்திருக்காத குழந்தைக்கு, முப்பது நாற்பது புதுமுகங்களும் மணிச்சத்தமும் பூட்டிய கேட்டும் ஒரே நாளில் வந்து சேருகின்றன. ஜூனில் அழும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜூலைக்குள் பழகிவிடுகிறார்கள். சிலர் பழகுவதில்லை. காலாண்டு விடுமுறை முடிந்தும் அழுகை ஓயாது. காலை ஏழு மணிக்கு வயிற்றுவலி, சில நாள் வாந்தி. பள்ளி வேன் தெருமுனை தாண்டியதும் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கும். ஞாயிறு மாலையே முகம் வாடத் தொடங்கும். இப்படிச் சில மாதம் போனபின், ‘கொஞ்ச காலம் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன’ என்ற பேச்சு அந்த வீட்டில் எழுகிறது.

வேன் போனதும் சரியாகிவிடும் வயிற்றுவலியை நடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது நடிப்பில்லை. பயமும் பதற்றமும் குடலின் இயக்கத்தை மாற்றும். சிறு பிள்ளைகளுக்கு மனக்கலக்கம் பெரும்பாலும் வயிற்றில்தான் தெரியும். பயம் விலகினால் வலியும் விலகும். ‘பொய் சொல்றான்’ என்று அடித்து அனுப்பும்போது, தன் வலியை நம்ப வீட்டிலும் ஆளில்லை என்பதையும் பிள்ளை சேர்த்துக் கற்றுக்கொள்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பயந்து நிற்கும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் அன்றைய பயம் உடனே தணியும். தணிந்த அந்த நிம்மதியே மறுநாள் போவதை இன்னும் கடினமாக்கும். அதனால்தான் குழந்தை மனநல மருத்துவர்கள், பிரிவு மட்டுமே சிக்கலாக இருக்கும்போது முழுதாக நிறுத்தச் சொல்வதில்லை. முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள், பிறகு முழு நாள் என்று படிப்படியாகப் பழக்கச் சொல்வார்கள். ஆகவே வீட்டுக் கல்வியா பள்ளியா என்று முடிவெடுக்கும் முன், இந்தப் பிள்ளையைப் பள்ளியில் எது வருத்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் செலவிடும் இரண்டு மூன்று வாரம் வீண் போகாது.

காரணம் பல நேரம் மிகச் சிறியதாக இருக்கும். பள்ளிக் கழிப்பறையில் நாற்றம் என்பதற்காகவோ, கதவைச் சாத்தினால் இருட்டாகிறது என்பதற்காகவோ காலை முதல் மாலை வரை சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரலாம். வயிற்றுவலி அப்போது நிஜமான நோயாகிவிடும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் ஆங்கிலத்தில் மட்டுமே பேசும் வகுப்பில், ‘தண்ணி வேணும்’ என்று கேட்கவும் வழி தெரியாது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்துக் காது மந்தமாகியிருக்கலாம். ஆசிரியர் சொல்வது பாதி கேட்காது, ‘கவனிக்கவே மாட்டேங்கிறான்’ என்று டைரியில் குறிப்பு வரும். பார்வைக் குறையும் இப்படித்தான் ஒளிந்திருக்கும். வீட்டில் ஓயாமல் பேசும் பிள்ளை பள்ளியில் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்தால் அதைப் பிடிவாதம் என்று எண்ணக் கூடாது. அது ஒருவகைப் பதற்றக் கோளாறு. மிரட்டினால் கூடும், பொறுமையான பயிற்சியால் குறையும்.

எழுத்து வேலை தனியாகப் பேச வேண்டிய காரணம். நான்கு வயதில் மணிக்கட்டு எலும்புகளும் விரல் தசைகளும் முழுதாக முதிர்ந்திருப்பதில்லை. அந்தக் கைக்கு நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத்துகளையும், ஒன்று முதல் நூறு வரை எண்களையும் எழுதும் வீட்டுப்பாடம் உண்மையிலேயே வலிக்கும். மண்ணில் விரலால் எழுதுவது, மாவு பிசைவது, மணி கோர்ப்பது எல்லாம் எழுதுவதற்கு முந்தைய பயிற்சிகள். அவற்றைத் தாண்டிக் குதித்து நேராகப் பென்சிலைத் திணிக்கும் மழலையர் வகுப்புகள் தமிழ்நாட்டில் ஏராளம். பிள்ளை பள்ளியை வெறுக்கிறது என்று நினைக்கும் பல வீடுகளில், அது வெறுப்பது அந்த நோட்டை மட்டும்தான்.

காரணம் அடியோ அவமானமோ என்றால் ஆராய்ச்சிக்கு அதற்குமேல் இடமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமின்றி மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தலைமையாசிரியர் கேட்கவில்லை என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் போகலாம்; பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றிலும் புகார் சொல்லலாம். அந்த வகுப்பறைக்கே பிள்ளையைத் திரும்ப அனுப்பிப் பழக்க முயல்வது கொடுமை.

வளர்ச்சி குறித்த ஐயம் இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் கேட்பு, பேச்சு, கற்றல் ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகளும் ஆட்டிசமும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றவை. சான்று பெற்ற பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் போன்ற சலுகைகள் உண்டு.

இதற்கிடையில் பெற்றோர் பலர் கவனிக்கத் தவறுவது வயது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கானது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்குப் பிள்ளையை அனுப்பியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிரம்பினால் முதல் வகுப்பில் சேர்க்கிறார்கள்; கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் ஆறு வயது. நான்கு வயதுப் பிள்ளையை ஓராண்டு வீட்டில் வைத்துக்கொள்வதற்கு வீட்டுக் கல்வி என்ற பெரிய பெயரும் தேவையில்லை, யார் அனுமதியும் தேவையில்லை. கட்டிய கட்டணம் போகிறதே என்பதற்காகவும், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வகுப்பு முன்னால் போய்விடுமே என்பதற்காகவும் இந்த எளிய வழியை வீடுகள் ஒதுக்கிவிடுகின்றன. ஐந்தரை வயதில் அழாமல் போகிற பிள்ளை மூன்றரை வயதில் அழுதது, பல நேரம், வயது போதாததால் மட்டுமே.

ஆறு வயதுக்குப் பிறகு நிலைமை வேறு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. மீறினால் தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. வீட்டுக் கல்வி கூடும் என்றும் கூடாது என்றும் சட்டம் வெளிப்படையாகப் பேசவில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு: 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி கற்கும் உரிமையைக் கோரலாம். அவர்களுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் வீடு தேடி வருகிறார்கள். மற்றப் பிள்ளைகளின் நிலை குறித்த வழக்கு ஒன்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, விரும்பி வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுப்போருக்கு இந்தச் சட்டம் தடையில்லை என்று 2012இல் மத்திய அரசு சொன்னது. பிறகு அந்த நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கியது. ஆகவே இந்தியாவில் வீட்டில் வைத்துக் கற்பிக்கும் குடும்பங்கள் தடையும் அங்கீகாரமும் இல்லாத ஒரு நடுவெளியில் இருக்கின்றன. இங்கிலாந்தில் பெற்றோர் பள்ளியிலோ வேறு வகையிலோ கல்வி தரலாம் என்று 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டமே எழுதிவைத்தது. ஜெர்மனியில் பள்ளிக்குப் போவதே கட்டாயம். மத நம்பிக்கையைக் காரணம் காட்டி அதை எதிர்த்த ஒரு குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்கவில்லை.

வழக்கமான பள்ளிக்கு மாற்று வழி தேடுவது நம் நாட்டுக்குப் புதிய எண்ணமும் இல்லை. பள்ளியைச் சகிக்க முடியாமல் பெரும்பாலும் தன் குடும்பத்தின் ஜோராசங்கோ வீட்டிலேயே படித்த தாகூர்தான் 1901இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் வகுப்பு நடத்தும் பள்ளியைத் தொடங்கினார். குஜராத்தில் வழக்கறிஞராக இருந்த கிஜுபாய் பதேக்கா, தன் மகனை எப்படி வளர்ப்பது என்று தேடப்போய் மாண்டிசோரியின் கல்விமுறையைப் படித்து, 1920இல் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளி நிறுவினார். மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இவர்கள் மூவரும் மாற்ற விரும்பியது வகுப்பறையைத்தான். பிள்ளைக்கு ஒரு பள்ளி ஒத்துவரவில்லை என்றால் அடுத்த வழி வேறு பள்ளியாகவும் இருக்கலாம். தெருவிலேயே இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழில் பேசும் ஆசிரியரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் ஆடல் பாடலும் ஒரு பயந்த பிள்ளையை மூன்று வாரத்தில் மாற்றிவிடக்கூடும். திருவண்ணாமலை மருதம், தருமபுரி மாவட்டத்துப் புவிதம் போன்ற மாற்றுப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் எல்லா ஊருக்கும் அவை எட்டாது.

இவ்வளவையும் பார்த்தபின் வீடே சரி என்று தோன்றினால், முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமலிருப்பது. பள்ளியில் அடிபட்ட மனதுக்குச் சில வாரம் ஓய்வு வேண்டும். அந்த நாட்களில் பாடப்புத்தகத்தை எடுத்தால், வீடும் பள்ளியாகிவிட்டது என்று பிள்ளை மிரளும். அதன் பிறகும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்கும் நேரம் ஒரு நாளில் ஒரு மணி போதும். அதையும் இரண்டு மூன்று துண்டாக்கலாம். மற்ற நேரத்தில் கற்பது வீட்டு வேலையோடும் விளையாட்டோடும் கலந்தே நடக்கும். பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளலாம். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் மொத்தம் எழுபது. அவற்றை நிரப்பும்போதே ஐந்தாம் வாய்ப்பாடு கைக்கு வந்துவிடும். ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டுப்போகும் பிள்ளை சில நாளில் ஒரு நொடி நிற்கும். எந்தக் குழியில் தொடங்கினால் கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று கண்ணாலேயே எண்ணிப் பார்க்கும். மனக்கணக்கு தொடங்கும் இடம் அது. புள்ளிக் கோலம் வரிசையையும் சமச்சீரையும் சொல்லித்தரும். காய்கறிக் கடையில் அரை கிலோ தக்காளிக்குக் காசு கொடுத்து மீதி வாங்குவது கழித்தல். வாசிப்புக்கு, பிள்ளையே சொல்லும் கதையைப் பெரியவர் எழுதி, அதையே பிள்ளை படிப்பது நல்ல தொடக்கம்; தன் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் எழுத்தைப் பார்த்து மிரளாது. தமிழ்நாடு பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த வகுப்பில் எது வரும் என்று பெற்றோர் தெரிந்துகொள்ள அவை போதும்.

செலவு வேறு இடத்தில் வரும். பகல் முழுவதும் ஒரு பெரியவர் வீட்டில் இருந்தாக வேண்டும். நடைமுறையில் அது அம்மாவாகவே இருக்கிறது. அவருடைய வேலையும் வருமானமும் போகும், பிள்ளை படிக்கவில்லை என்றால் பழியும் அவர்மீதே விழும். தாத்தா பாட்டி, அப்பா, சித்தி என்று பொறுப்பு பிரியாத வீட்டில் இந்த ஏற்பாடு நீடிப்பது கடினம். ஏற்கெனவே சோர்ந்திருக்கும் தாய்க்கு இதைத் தியாகம் என்று பெயர் சூட்டிச் சுமத்துவது நியாயமில்லை.

அடுத்த கவலை, தோழமை. மற்றப் பிள்ளைகள் பகலில் பள்ளியில் இருப்பதால் தெரு காலியாக இருக்கும். மாலை விளையாட்டு, நூலகம், நீச்சல், சிலம்பம் என்று வாரத்தில் சில நாளாவது அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஏற்பாடு தேவை. நட்பு திரும்பப் பார்ப்பதில்தான் உருவாகிறது. பெங்களூரு, புனே, சென்னை போன்ற நகரங்களில் வீட்டுக் கல்விக் குடும்பங்கள் கூடிக்கொள்கின்றன. சிற்றூரில் இதைப் பெற்றோரே உண்டாக்க வேண்டும். குழந்தைகளைக் கண்டால் ஒதுங்குவதே பிள்ளையின் சிக்கல் என்றால், வீட்டுக் கல்வி அதைத் தானாகத் தீர்க்காது.

காகித வேலைகளும் உண்டு. பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு எமிஸ் எண் என்ற மாணவர் பதிவு எண் இருக்கும். மாற்றுச் சான்றிதழ் வாங்கியதும் அந்தப் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளி எதுவும் எடுத்துக்கொள்ளாவிட்டால், பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பில் அது இடைநின்ற பிள்ளையாகத் தெரியும். ஆசிரியர்கள் விசாரித்து வீட்டுக்கு வருவார்கள். குழந்தைத் தொழிலாளர்களையும் குழந்தைத் திருமணங்களையும் கண்டுபிடிப்பதற்கான நல்ல ஏற்பாடு அது. வருபவரிடம் எரிந்து விழாமல், பிள்ளை வரைந்ததையும் எழுதியதையும் தேதி போட்டுச் சேர்த்து வைத்த ஒரு கோப்பைக் காட்டலாம்.

தேர்வைப் பற்றி இந்த வயதில் அஞ்ச வேண்டியதில்லை. 1989இல் உருவான தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வியை ஏ, பி, சி என்ற மூன்று நிலைகளில் தருகிறது. 14 வயது நிரம்பியவர்கள் அதன் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் பன்னிரண்டரை வயது நிரம்பிய தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது.

பெரும்பாலான குடும்பங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. ஓராண்டு, ஈராண்டு கழித்துப் பிள்ளையே ‘நானும் வரேன்’ என்று அக்காவோடு கிளம்புவதும் உண்டு. அப்போது திரும்ப வழி அடைபட்டிருக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆறு வயதைத் தாண்டிய பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் நேரடியாகச் சேர்க்கச் சொல்கிறது. விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் தரச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது. தொடக்கக் கல்விக்குச் சேர்க்கைத் தேர்வு நடத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம் என்பதால், திரும்பும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் வீட்டில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தந்திருப்பது நல்லது. சேரும் நாளுக்கு முன் அந்தப் பள்ளிக்கு இரண்டு முறை பிள்ளையை அழைத்துப் போய், வகுப்பறையையும் ஆசிரியரையும், மறக்காமல் கழிப்பறையையும் காட்டிவிட்டு வர வேண்டும்.