ஒரே ஊர், இரண்டு கடிகாரம்!

அதிகாலை மணி ஒன்றரை. கதவு சாத்தப்படுகிறது! உள்ளே இருப்பவன் இருக்கலாம்; வெளியே நிற்பவன் வெளியேதான். மணி மூன்று. கோப்பை கவிழ்க்கப்படுகிறது! காசை நீட்டினாலும் இல்லை, கையைப் பிடித்துக் கெஞ்சினாலும் இல்லை. சட்டம், ஐயா, சட்டம்!

அதே ஊர், அதே இரவு. டார்லிங் துறைமுகத்துச் சிறு பாலத்தைத் தாண்டி நடந்தால் ஒரு மாளிகை. அங்கே ஒன்றரைக்கும் கதவு திறந்திருக்கிறது. மூன்றுக்கும் கோப்பை நிரம்புகிறது. சூதாட்ட மேசையைச் சுற்றிச் சீமான்கள். தட்டேந்தி நிற்கும் பணியாட்கள். அங்கே சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு தோழர்களே, உண்டு! இந்த மாளிகைக்கு அந்த நேரக் கட்டுப்பாடு பொருந்தாது என்று சொல்லும் சட்டம்!

கற்பனைக் கதையல்ல இது. ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரில் 2014 பிப்ரவரி 24 முதல் ஆறு ஆண்டுகள் நடந்தது. அந்தக் கட்டுப்பாடு எப்படி வந்தது, எப்படிப் போயிற்று, மதுக்கடை நேரத்தை நீட்டுவதென்று முடிவானபோது யார் சிரித்தார்கள் என்பதை நம் தோழர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், கடை மூடும் நேரம் என்பது கடிகார முள்ளைப் பொறுத்த சங்கதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது யார் கையில் காசு இருக்கிறது என்பதைப் பொறுத்த சங்கதி!

சிட்னியில் கிங்ஸ் கிராஸ் என்றொரு பகுதி. பெயரிலே அரசர் இருக்கிறார். தெருவிலே அரசாண்டதெல்லாம் மது. 2012 ஜூலையில் ஓர் இரவு 18 வயது இளைஞன் ஒருவன் அந்தத் தெருவில் நடந்து போகிறான். முன்பின் அறியாதவன் ஒருவன் பாய்ந்து வந்து ஒரே ஒரு குத்து விடுகிறான். கீழே விழுந்த பிள்ளை எழவேயில்லை. 2013 டிசம்பர் 31, புத்தாண்டுக்கு முந்தின இரவு, அதே பகுதியில் இன்னொரு 18 வயதுப் பிள்ளை. அதே ஒற்றைக் குத்து, அதே முடிவு. ஊர் கொதித்தது. பெற்றவர்கள் கண்ணீரோடு கேட்டார்கள், பத்திரிகைகள் முழங்கின. நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் பாரி ஓஃபாரல் 2014 ஜனவரியில் சட்டத்தை அறிவித்தார்; அந்த மாதம் முடிவதற்குள் சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. ஒன்றரைக்குக் கதவடைப்பு, மூன்றுக்குக் கோப்பையடைப்பு, மாநிலம் முழுவதும் புட்டிக்கடைகள் இரவு 10 மணிக்கு மூடவேண்டும். நகர நடுப்பகுதியும் கிங்ஸ் கிராஸும் கட்டுப்பாட்டு வட்டாரம். சிறு விடுதிகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் விலக்குத் தந்தார்கள். அதிலே நமக்கு வழக்கில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த இரண்டு பிள்ளைகளும் தாக்கப்பட்டது இரவு 9, 10 மணிவாக்கில். அதிகாலைக் கட்டுப்பாடு அன்றைக்கே இருந்திருந்தாலும் அந்தக் குத்துகளைத் தடுத்திருக்காது. சட்டத்தை எதிர்த்தவர்கள் இதைச் சொன்னார்கள், உண்மைதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் குடித்தவன் கைக்குத்து அந்த இரண்டு இரவோடு முடிந்த விவகாரமா? வாரந்தோறும் தாடை உடைந்து, மண்டை பிளந்து வந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள் கிங்ஸ் கிராஸுக்கு அருகிலுள்ள செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையின் மருத்துவர்கள். கட்டுப்பாடு வந்த முதல் ஆண்டில் மதுவால் கடுங்காயம் பட்டு அங்கே வந்தவர் தொகை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது என்று அவர்களே எழுதினார்கள். அரசின் குற்றப் புள்ளிவிவரத் துறையும் கணக்குப் பார்த்தது. கிங்ஸ் கிராஸில் தாக்குதல் 32 விழுக்காடு குறைந்தது, நகர நடுப்பகுதியில் 26 விழுக்காடு குறைந்தது என்பது 2015-இல் வந்த முதல் கணக்கு.

இரவு முழுதும் விழித்திருந்து பிறர் இரத்தத்தைத் துடைக்கும் மருத்துவமனைத் தாதியைக் கேளுங்கள், கால் பங்கு என்றால் என்னவென்று! வாந்தியைக் கழுவும் துப்புரவுத் தொழிலாளியைக் கேளுங்கள்! மதுக்கடை நேரம் பற்றிய விவாதத்தில் கடைக்காரன் பேசுகிறான், குடிக்க வருகிறவன் பேசுகிறான், மந்திரி பேசுகிறார். வாளியும் துடைப்பமும் பேசுவதில்லை.

நேரத்தைக் குறைத்துவிட்டால் போதும், நாடு திருந்திவிடும் என்று சொல்லவா வந்தோம்? இல்லை. அந்த நாட்டிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது, பழைய மறுப்பு. 1916 பிப்ரவரி, முதல் உலகப் போர்க் காலம். சிட்னிக்கு அருகில் லிவர்பூல், கசூலா முகாம்களிலிருந்த சிப்பாய்கள், பயிற்சி நேரத்தைக் கூட்டினார்கள் என்று கொதித்தெழுந்து, மதுக்கடைகளைச் சூறையாடி, இரயிலேறி நகருக்குள் புகுந்து ரகளை செய்தார்கள். மத்திய இரயில் நிலையத்தில் ஒரு சிப்பாய் சுடப்பட்டு மாண்டான். அந்த ஆண்டு ஜூனிலேயே வாக்கெடுப்பு. கடை மூட எத்தனை மணி என்று மக்களைக் கேட்டார்கள். மாலை ஆறு என்று தீர்ப்பு வந்தது!

என்ன ஆயிற்று? ஐந்து மணிக்குத் தொழிலாளி வெளியே வருகிறான். ஆறு மணிக்குக் கடை மூடல். இடையிலே ஒரு மணி நேரம்! ஓடினான். முண்டியடித்தான். நின்றபடியே ஒன்று, இரண்டு, மூன்று என்று கோப்பை கோப்பையாய் ஊற்றிக்கொண்டான். கடை முதலாளி என்ன செய்தான் தெரியுமா? நாற்காலியை அகற்றினான், மேசையை அகற்றினான். இன்னும் நான்கு பேர் நிற்கலாமே! சுவருக்கு வழவழப்பான ஓடு பதித்தான், கழுவிவிட வசதி! பன்றிக்குக் கொட்டும் கழனித் தண்ணீர் என்று பொருள்படும் சொல்லால் அந்த ஊர்க்காரர்களே அந்த நேரத்துக்குப் பெயர் வைத்தார்கள். உழைத்த மனிதனைத் தொட்டியில் வாய் வைக்கும் விலங்காக்கிவிட்டு, ஒழுக்கத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்டினார்கள் மதுவிலக்குப் பெரியவர்கள். நியூ சவுத் வேல்ஸில் ஏறத்தாழ 39 ஆண்டுகள் நடந்தது இந்தக் கூத்து. 1954-இல் மறுபடி வாக்கெடுப்பு. நூலிழை வித்தியாசத்தில் வென்று, 1955 பிப்ரவரியில் கடை நேரம் இரவு பத்தாயிற்று. அந்த நீட்டிப்பை நாம் வரவேற்றிருப்போம். உட்கார்ந்து, சாப்பிட்டு, நண்பனோடு பேசி, மனிதனாக எழுந்து வீடு போவதற்கு ஒரு தொழிலாளிக்கு நேரம் வேண்டும்.

பத்து மணி என்பது வேறு. விடியற்காலை ஐந்து மணி என்பது வேறு!

சிட்னிக்கு வடக்கே 160 கிலோமீட்டரில் நியூகாசில். நிலக்கரி ஏற்றும் துறைமுகம், எஃகு ஆலை நடந்த ஊர், பாட்டாளிகளின் ஊர். அங்கே மதுவிடுதிகள் அதிகாலை 5 மணி வரை நடந்தன. காவல்துறை முறையிட்டது, நகரவாசிகளும் சேர்ந்துகொண்டார்கள். 2008-இல் நகர நடுவிலிருந்த 14 விடுதிகளுக்கு நேரத்தைக் குறைத்தார்கள். விடுதி முதலாளிகள் வழக்குக்குப் போய், பேரம் பேசி, அரை மணி நேரம் திரும்ப வாங்கினார்கள். மூன்றரைக்கு மூடல் என்று நிலைத்தது. இருட்டிய பிறகு நடக்கும் தாக்குதல் அங்கே 37 விழுக்காடு குறைந்ததென்று ஆய்வாளர்கள் கண்டார்கள். நார்வே நாட்டில் 18 நகரங்களை எடுத்து 2000 முதல் 2010 வரை ஆராய்ந்தார்கள்: கடை நேரம் ஒரு மணி கூடினால் வார இறுதி இரவுகளில் தாக்குதல் சுமார் 16 விழுக்காடு கூடுகிறது. ஒரு மணிக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலே போட்டுவிடலாம் போலிருக்கிறது!

“நேரத்தைக் குறைத்தால் பாட்டாளி சீறுவான்” என்று பயங்காட்டுவோர் உண்டு. பிரேசிலில் சாவோ பாவ்லோவுக்குப் பக்கத்தில் தியாதெமா என்ற தொழில் நகரம். உலோகத் தொழிலாளர் போராட்டங்களில் வளர்ந்த வட்டாரம். அங்கே கொலை மலிந்திருந்தது. கொலைகளில் பெரும்பகுதி நடந்ததோ நள்ளிரவை ஒட்டிய நேரங்களில். 2002 ஜூலையில் இரவு 11 முதல் காலை 6 வரை மது விற்பனைக்குத் தடை போட்டது நகராட்சி. ஆட்சியில் இருந்தது யார்? தொழிலாளர் கட்சி! திடீரென்று பூட்டுப் போடவில்லை அவர்கள். முன்கூட்டியே பிரசாரம் செய்து, கடைக்காரர்களை நேரில் கண்டு பேசிவிட்டுத்தான் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மாதத்துக்கு ஏறத்தாழ 9 கொலை குறைந்தது என்கிறது ஆய்வு. ஒன்பது வீட்டில் ஒப்பாரி இல்லை.

தியாதெமா பாட்டாளியோடு பேசிவிட்டுப் பூட்டியது. சிட்னி யாரோடு பேசியது? வரைபடத்தோடு!

கட்டுப்பாட்டு வட்டாரத்துக்கு எல்லைக்கோடு போட்டார்கள். கோடு நேராக வந்தது, வளைந்தது, நெளிந்தது. தி ஸ்டார் என்ற சூதாட்ட மாளிகை கோட்டுக்கு அந்தப் பக்கம்! பாரங்காரூவில் கிரவுன் நிறுவனம் இனிமேல்தான் கட்டவேண்டியிருந்த இன்னொரு சூதாட்ட மாளிகைக்கான மனை. அதுவும் கோட்டுக்கு அந்தப் பக்கம்! அடிக்கல் போடுமுன்பே விலக்கு! பிறக்காத பிள்ளைக்குப் பட்டாபிஷேகம் நடந்தது அங்கேதான் கண்டோம். எந்தப் பேனாவுக்கு இவ்வளவு லாகவம் வரும்? ஏழைக் குடிசை மேல் ஓடவேண்டுமானால் அம்பு போல ஓடும் கோடு, மாளிகையைக் கண்டதும் பாம்பு போல வளைகிறதே!

சட்டம் கொண்டுவந்த முதல்வர் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. கட்டுப்பாடு தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2014 ஏப்ரலில் பதவியை விட்டார். காரணம்? ஒரு புட்டி ஒயின்! 1959-ஆம் ஆண்டுச் சரக்கு, ஏறத்தாழ 3,000 டாலர் விலை. பரிசாக வந்ததாக நினைவே இல்லை என்று ஊழல் விசாரணை ஆணையத்தில் சொன்னார். அவர் கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் மறுநாள் வந்து நின்றது. ஊராருக்கு மூன்று மணிக்குக் கோப்பையைக் கவிழ்த்தவரை ஒரு புட்டி கவிழ்த்தது.

இப்படி ஓரவஞ்சனையோடு பிறந்த சட்டத்துக்கு ஆயுள் ஏது? பாட்டுக்காரர்கள், வாத்தியக்காரர்கள், இரவு வேலையை நம்பிய பணியாட்கள் பிழைப்புப் போயிற்றென்று தெருவுக்கு வந்தார்கள். 2016 பிப்ரவரியில் பல்லாயிரவர் ஊர்வலம் போனார்கள். அவர்கள் குறையைப் பொய்யென்று தள்ள நாம் தயாரில்லை. இன்னொன்றும் தெரிந்தது: குடித்தவன் கூட்டத்தில் ஒரு பகுதி இடம் மாறிற்று. பின்னால் வந்த கணக்கின்படி கிங்ஸ் கிராஸில் தாக்குதல் 49 விழுக்காடு குறைந்திருக்க, சூதாட்ட மாளிகை உள்ளிட்ட சுற்றுவட்டாரத்தில் 12 விழுக்காடு கூடியிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கதவு திறந்திருந்தால் கால்கள் அங்கேதானே போகும்? ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி இயான் கலினன் விசாரித்தார். ஆடல் பாடல் நடக்கும் விடுதிகளுக்கு அரை மணி தளர்த்தினார்கள். பிறகு இரவு வாணிபம் சுணங்கியதால் ஆண்டுக்கு 1,600 கோடி டாலர் வாய்ப்பு நழுவுகிறது என்று ஒரு கணக்கு நிறுவனம் அறிக்கை விட்டது. உடைந்த தாடைக்கு அந்த அறிக்கையில் பத்தி உண்டா என்று நாம் கேட்டால் சிரிப்பார்கள்.

2019 மே மாதம் சிட்னி நகரமன்றம் நகர நடுப்பகுதியில் 24 மணி நேர வாணிபத்துக்கு வழிவிட்டது. மாநில அரசு 2020 ஜனவரி 14 அன்று நகர நடுவில் கதவடைப்பை நீக்கியது. புட்டிக்கடைகளுக்கு நள்ளிரவு வரை நேரம் நீண்டது. வெற்றி விழா கொண்டாடினார்கள். இரண்டே மாதம்! கொரோனா வந்தது. மார்ச் 23 நண்பகலோடு மதுவிடுதியும் மூடல், சூதாட்ட மாளிகையும் மூடல். ஆறாண்டுக் காலம் சட்டத்தால் ஆகாததை ஒரு கிருமி செய்தது: இரண்டு கடிகாரமும் அன்றுதான் ஒரே நேரம் காட்டின.

கிங்ஸ் கிராஸுக்கு மட்டும் 2021 மார்ச் 8 வரை கட்டுப்பாடு நீடித்து, அதுவும் போயிற்று. நேரத்தை நீட்டியதற்காக நாம் அழவில்லை. விடியவிடியத் திறந்துவைத்ததற்காகக் கைதட்டவும் மாட்டோம். நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் இரயில் நின்றுவிடும் ஊரில், மூன்றரைக்கு வெளியே தள்ளப்படுகிறவன் எப்படி வீடு போவான் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பிறகல்லவா கோப்பைக் கணக்குப் பார்க்கவேண்டும்? மாளிகைக்கும் முக்குக் கடைக்கும் ஒரே மணி என்று எழுதிவிட்டல்லவா சட்டத்தில் கையெழுத்திட வேண்டும்?

விலக்குப் பெற்ற அந்த இரண்டு மாளிகைகள் என்னவாயின என்று கேட்பீர்கள். கிங்ஸ் கிராஸ் கட்டுப்பாடு போவதற்கு ஒரு மாதம் முன், 2021 பிப்ரவரியில், உரிமம் வைத்திருக்க கிரவுன் தகுதியற்றது என்று அரசு அமைத்த விசாரணை சொன்னது. 2022 செப்டம்பரில் தி ஸ்டாரைப் பற்றியும் அதே சொல்! சூதாட்டப் பணத்தை விடுதிச் செலவு என்று வங்கிக்குக் கணக்குக் காட்டிய சங்கதியெல்லாம் சந்திக்கு வந்தது. 10 கோடி டாலர் அபராதம் போட்டார்கள், உரிமத்தை நிறுத்திவைத்தார்கள்.

கதவு? அது சாத்தப்படவில்லை. ஒழுங்குமுறை ஆணையம் அமர்த்திய மேலாளர் பொறுப்பிலே மேசைகள் ஓடின, கோப்பைகள் நிரம்பின.