பாதியில் விடலாம்

டோம்பிவிலியிலிருந்து மும்பை சிஎஸ்எம்டி 48 கிலோமீட்டர். ஃபாஸ்ட் லோக்கலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். காலையில் பெண்கள் பெட்டியில் கீரை ஆய்பவர்கள் உண்டு, ஸ்லோகம் சொல்பவர்கள் உண்டு, விட்ட தூக்கத்தைத் தொடர்பவர்கள் உண்டு. உட்கார இடம் பிடித்தவர்களில் ஓரிருவர் கையில் பேனா நீளத்துக்கு ஓர் ஊசி, நுனியில் சின்னக் கொக்கி. மடியில் இருக்கும் பைக்குள்ளிருந்து நூல் வந்தபடியே இருக்கும். விரல்களுக்கிடையே பூவோ சதுரமோ வளர்ந்தபடியே இருக்கும். இறங்கும் இடம் வந்ததும் எல்லாவற்றையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

அப்படிச் சுருட்டிப் போட முடிகிறதே, அதுதான் குரோஷா என்ற இந்தக் கொக்கிப் பின்னலின் முதல் அதிசயம். தறியில் பாதி ஓடிய புடவையைப் பையில் போட்டுக்கொண்டு ஓட முடியாது. இரட்டை ஊசியில் ஸ்வெட்டர் பின்னுபவர்களுக்கும் சிக்கல் உண்டு. 200 கண்ணி அகலமுள்ள சால்வை என்றால், 200 கண்ணிகளும் எந்நேரமும் ஊசியின்மேல் திறந்தே நிற்கும். ஊசி நழுவினால் வரிசை முழுவதும் நழுவும். குரோஷாவில் எவ்வளவு பெரிய விரிப்பானாலும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. மற்றவை எல்லாம் முன்பே பூட்டப்பட்டுவிட்டன. அந்த ஒன்றில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டால் மூன்று மாதம் கழித்துக்கூட விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பூட்டு எப்படி விழுகிறது? அரிசி மூட்டையின் வாய்த் தையலை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் பிரிந்துவிடும். தவறான முனையை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. கண்ணி ஒவ்வொன்றும் முந்தைய கண்ணிக்குள் நுழைந்து வந்து, அடுத்ததன் பிடியில் நிற்கிறது. குரோஷாவின் அடித்தளமும் இதே சங்கிலிதான். ஆனால் கொக்கி அதோடு நிற்பதில்லை. கீழ் வரிசையில், ஏற்கெனவே முடிந்த துணிக்குள்ளும் நுழைந்து நூலை இழுத்துவருகிறது. இதனால் ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி. கடைசியில் நூலை நறுக்கி, அதன் முனையைத் திறந்திருக்கும் கண்ணிக்குள் செலுத்தி இறுக்கினால் முழு விரிப்பும் மூடிக்கொள்ளும்.

இந்த இரட்டைப் பிடி இயந்திரங்களையே திணறடித்திருக்கிறது. திருப்பூரில் பனியன் துணி பின்னும் இயந்திரத்தில் கண்ணிக்கு ஓர் ஊசி வீதம் நூற்றுக்கணக்கான ஊசிகள் அணிவகுத்து நிற்கும். தன் கண்ணியைப் பிடித்திருப்பது மட்டும் ஒவ்வொன்றின் வேலை. குரோஷாக் கொக்கியோ முடிந்த துணியில் எங்கு வேண்டுமானாலும், எந்தக் கோணத்திலும் நுழைய வேண்டியிருக்கும். கண்ணும் விரல் நுனியும் சேர்ந்து தேடிக் கண்டுபிடிக்கும் துளை அது. ஆலைகளில் ‘குரோஷே மெஷின்’ என்ற பெயரில் ஓடுவது நாடாவும் ஓரப்பட்டையும் பின்னுகிற வேறு வகை இயந்திரம். ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகர ஆய்வாளர்கள் உண்மையான குரோஷாவைப் பின்னும் முன்மாதிரி ஒன்றை அண்மையில் உருவாக்கியிருக்கிறார்கள். அது சந்தையை எட்டவில்லை. ஆகவே கடையில் நீங்கள் பார்க்கும் அசல் குரோஷாச் சட்டை ஒவ்வொன்றையும், விலைச்சீட்டில் எவ்வளவு குறைவாக எழுதியிருந்தாலும், எங்கோ ஒருவர் கையால் பின்னியிருக்கிறார்.

அந்தக் கைகளில் பல ஆந்திரத்தின் நர்சாபூர் வட்டாரத்தில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் அங்கே கற்றுக்கொடுத்த குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களைப் பற்றி 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கு நடுவே நாள்தோறும் பல மணி நேரம் பின்னி, உலகச் சந்தைக்கு அவர்கள் லேஸ் அனுப்பினார்கள். ஊரும் வியாபாரிகளும் அவர்களை ஓய்வு நேரத்தைப் போக்கும் இல்லத்தரசிகளாகத்தான் பார்த்தார்கள். எந்த நிமிடமும் கீழே வைத்துவிட்டு எழ முடிவதே இந்த உழைப்பைக் கண்ணிலிருந்து மறைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அடுப்புக்கும் தொட்டிலுக்கும் இடையில் செய்வதை யாரும் வேலைக் கணக்கில் எழுதவில்லை. இதைச் சொல்லாமல் கொக்கியின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

மறுபடி கைக்கு வருவோம். வலக்கைக் கொக்கியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், நுட்பம் இடக்கையில். நூல் சுண்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, ஆட்காட்டி விரல்மேல் ஏறிப் போகிறது. கிணற்றுக் கயிற்றையும் கப்பல் கயிற்றையும் ஆளும் உராய்வு விதியே இங்கும். வளைவில் கூடும் உராய்வு கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். உராய்வுக் கெழு, அதாவது இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பற்றுகின்றன என்பதன் அளவு, 0.3 என்று வைத்துக்கொண்டால் ஒரு முழுச் சுற்றிலேயே இழுவை ஆறு மடங்குக்குமேல் ஆகிவிடும். விரலை ஒரு மயிரிழை மடக்கினால் நூல் இறுகும், நிமிர்த்தினால் ஓடும். வண்டி குலுங்கினாலும் கண்ணிகள் ஒரே அளவில் வருவது இந்த விரல் திருத்தத்தால்தான்.

இனிக் கணக்கு. வட்டமான டம்ளர் விரிப்புப் பின்னுபவர்கள் எல்லோருக்கும் ஒரு வாய்ப்பாடு மனப்பாடம்: குட்டைக் கண்ணியென்றால் சுற்றுக்கு 6 கூட்டு, அதைப்போல இரண்டு மடங்கு உயரமுள்ள நெட்டைக் கண்ணியென்றால் 12 கூட்டு. ஏன் 6? குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஒரு சுற்று முடிந்தால் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடும். சுற்றளவு அதைப்போல 2π மடங்கு, அதாவது 6.28 கண்ணி அகலம் கூட வேண்டும். நூல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்பதால் 6 போதும். நெட்டைக் கண்ணிக்கு 12.56, எனவே 12. பள்ளிக்கூடத்தில் π பிடிபடாமல் போனவர்கூட இந்த எண்ணை விரலில் வைத்திருக்கிறார். ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் ஓரம் உள்வாங்கிக் கிண்ணமாகும், பிறகு தொப்பியாகும்.

ஆறுக்கு மிகுதியாகக் கூட்டினால்? ஓரம் அலையலையாகச் சுருங்கும். புதிதாகப் பின்னுபவர்கள் இதைப் பிழை என்று பிரித்துப் போடுவார்கள். கணித உலகமோ ஏறத்தாழ 170 ஆண்டுகள் இதற்காகக் காத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஸ், போயாய், லொபசேவ்ஸ்கி மூவரும் தனித்தனியே ஒரு விசித்திரப் பரப்பை எட்டினார்கள். யூக்ளிடின் தட்டையான தளத்தில் ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் வரையலாம். இந்தப் பரப்பில் எண்ணற்றவை வரையலாம். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினாலும் 180 பாகைக்குக் குறைவாகவே வரும். இதன் பெயர் அதிபரவளையத் தளம்: எந்தப் புள்ளியிலும் குதிரைச் சேணம்போல வளைந்திருக்கும் பரப்பு. தாளில் அதன் மாதிரியை ஒட்டிப் பார்த்தார்கள். கை பட்டால் கிழியும். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாத்வியக் கணிதவியலாளர் டைனா தைமினா கொக்கியை எடுத்தார். இத்தனை கண்ணிக்கு ஒன்று கூட்டு என்ற ஒரே விதியை மாறாமல் பின்பற்றிப் பின்னினால் போதும், அந்தப் பரப்பு கையில் விளைகிறது. அதன்மேல் நூலால் கோடுகள் தைத்து, இணைகோடுகள் விலகிப் போவதை மாணவர்களைத் தொட்டுப் பார்க்க வைத்தார்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 6 கண்ணியில் தொடங்கிச் சுற்றுக்குச் சுற்று இரட்டியுங்கள்: 12, 24, 48. ஒன்பதாவது சுற்றில் 1,536 கண்ணிகள். ஒரு கண்ணி அரை சென்டிமீட்டர் என்றால் ஓரத்தின் நீளம் ஏழரை மீட்டரைத் தாண்டும். மையத்திலிருந்து ஓரம் வரை உள்ள தூரமோ நாலரை சென்டிமீட்டர்! கடல் பவளங்களும் இதே உத்தியில்தான் சிறு இடத்துக்குள் பெரிய பரப்பைத் திணிக்கின்றன. அதைக் கண்டுகொண்ட மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் சகோதரிகள் 2005இல் லாஸ் ஏஞ்சலிஸில் குரோஷாப் பவளத்திட்டு ஒன்றைப் பின்னத் தொடங்கினார்கள். பிறகு பல நாட்டுப் பெண்கள் அவரவர் ஊரில் பின்னிச் சேர்க்க, அது இன்றும் வளர்கிறது.

நேரமில்லை என்பவர்களுக்கு என் பரிந்துரை சதுரம். மும்மூன்று நெட்டைக் கண்ணிகளைக் கொத்தாகப் பின்னி வளர்க்கும் இதன் சுற்றுகள் 12, 24, 36, 48. இங்கும் கூடுவது 12! நான்கு சுற்றுக்கு மொத்தம் 120 நெட்டைக் கண்ணி. நிமிடத்துக்கு ஆறு பின்னினால் 20 நிமிடம், அதாவது டோம்பிவிலியில் தொடங்கினால் ஏறக்குறைய தானே வருவதற்குள் ஒரு சதுரம். 10 சென்டிமீட்டர் சதுரங்கள் 150 சேர்ந்தால் ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் போர்வை. நாளுக்கு ஒன்றென்றால் 150 வேலைநாள். சதுரம் ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்த பொருள் என்பதால், இடையில் ஒரு மாதம் நின்றாலும் எதுவும் அவிழாது. ஒருவர் பின்னியதோடு இன்னொருவர் பின்னியதை இணைக்கவும் தடையில்லை. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழு இந்த இணைப்பு முறையை எவ்வளவு தூரம் கொண்டுபோயிற்று தெரியுமா? பல ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்தபடி பின்னிய துண்டுகளைச் சேர்த்து 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் விரித்த போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர். அப்போதைக்கு உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வை என்று கின்னஸ் பதிவு செய்தது.

டோம்பிவிலி வீடுகளில் இன்னொரு கைவேலையும் உண்டு: கோதடி. பழைய பருத்திப் புடவைகளை அடுக்கித் தைக்கும் மகாராஷ்டிரப் போர்வை. மராத்திப் பாட்டிகளின் நௌவாரியும் தமிழ்ப் பாட்டிகளின் மடிசாரும் ஒன்பது கஜம்தான், சுமார் 8.2 மீட்டர். ஐந்தடிக்கு ஏழடிக் கோதடிக்கு அப்படி ஒரு புடவையை மடித்தால் கிட்டத்தட்ட மூன்று அடுக்கு வந்துவிடும். கதகதப்பைத் தருவது துணியைவிட அடுக்குகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவது தண்ணீரைவிட இருபது மடங்குக்கும் மேல் குறைவு. தையல் மிக நெருக்கமாக விழுந்தால் காற்று நசுங்கி வெளியேறும். மிக அகலமாக விழுந்தால் துவைக்கும்போது உள்அடுக்கு சுருண்டு மூலையில் சேரும். நடுவே உள்ள சரியான இடைவெளியை அளவுகோல் இல்லாமல் கை தேர்ந்தெடுக்கிறது.

தைப்பது ஓட்டுத் தையல்: ஊசி மேலும் கீழுமாக முங்கி எழுந்து ஓடும் எளிய தையல். வரிசைக்கு வரிசை ஒரு சென்டிமீட்டர், தையலுக்குத் தையல் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு கோதடியில் 150 வரிசை, 31,500 தையல். ஊசி நடக்கும் தூரம் 315 மீட்டர். 15 பெட்டி லோக்கல் ஒன்றின் நீளம் அநேகமாக இவ்வளவுதான். குரோஷாவில் ஒரே நூல் எல்லாவற்றையும் தாங்கும். கோதடியில் நேர்மாறு: 150 வரிசைகளும் தனித்தனி. ஒன்று அறுந்தால் அடுத்தடுத்த வரிசைகள் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். நூல் துணிக்குள் சற்றே வழுக்கவும் இடமிருப்பதால், புரண்டு படுக்கும் உடம்பின் இழுப்புக்குத் தையல் அறுவதில்லை, நகர்கிறது. மேல் துணி நைந்தால் தூக்கிப் போடுவதும் இல்லை. இன்னொரு புடவையைப் போர்த்தி மறுபடி ஓட்டுவார்கள். பழையது உள்அடுக்காகிவிடும்.

கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியால் காடுகளை ஒட்டி வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி மக்கள் இதன் ஒன்றுவிட்ட சகோதரியைத் தைக்கிறார்கள். பெயர் கவந்தி. மேலை நாட்டு ஒட்டுத்துணிப் போர்வையில் முதலில் மேல் துணி முழுவதையும் கோத்து, பிறகு அடுக்கி, கடைசியில் ஓரம் மடிப்பார்கள். சித்திப் பெண்கள் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை மடித்துத் தைத்தபடி சுற்றி வந்து, வட்டத்துக்கு உள்வட்டமாக மையம் நோக்கிப் போகிறார்கள். துண்டுத் துணிகளை வழியில் கிடைக்கக் கிடைக்கச் செருகுகிறார்கள். முதல் சுற்றிலேயே ஓரம் மூடிவிடுவதால் எங்கே நிறுத்தினாலும் பிசிறு கிளம்பாது. சட்டகம் வேண்டாம், வெட்டுப் பலகை வேண்டாம், மடி போதும். நான்கு மூலைகளிலும் பல வண்ணத் துணிகளை முக்கோணமாக மடித்து அடுக்கி ‘ஃபூலா’ என்ற பூக்களை வைக்கிறார்கள்.  கதகதப்புக்கு அதனால் துளியும் பயனில்லை. ஆனால் ஃபூலா வைக்காத கவந்தியை அவர்கள் முடிந்ததாக ஏற்றுக்கொள்வதில்லை.