உங்களுக்குத் தெரியுமா? மெல்லிய வாட்ச், வித்தியாசமான செயின்

கல்யாண மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வருவது பெரும்பாலும் மெல்லிய தங்க நிற வாட்ச்தான், லெதர் ஸ்ட்ராப்போடு. சேலத்தை அடுத்த எங்கள் அயோத்தியாப்பட்டணத்துச் சித்திரை வெயிலில் அந்த லெதர் வியர்வையைக் குடித்தே வீணாகிவிடும். உலோகச் செயின் மாட்டலாமா? தாராளமாக!

★ விலை உயர்ந்த வாட்ச் என்றால் தங்கம்தான் என்ற எண்ணத்தை 1972-ல் உடைத்தது ஒரு ஸ்டீல் வாட்ச். ஓடமார் பிகே நிறுவனத்துக்காக ஜெரால்டு ஜென்டா வடிவமைத்த ராயல் ஓக். விலை 3,300 ஸ்விஸ் ஃபிராங்க். அன்றைய தங்க வாட்சுகள் பலவற்றைவிட அதிகம். அதன் செயினைச் செய்தது ஜெனீவாவின் கே ஃப்ரேர்.

★ நடுவில் அரிசி மணி போன்ற உருண்டைகளை வரிசையாகக் கோத்த செயின் ஒன்று உண்டு. கண்ணிகள் சிறிதாகச் சிறிதாக, வளைவு மென்மையாகும்.

★ மிலனீஸ் செயினில் கண்ணிகளே கிடையாது. சுருள் கம்பிகளை ஒன்றோடொன்று பின்னித் தட்டையாக்கியிருப்பார்கள். கொக்கியை நகர்த்தி எந்த அளவுக்கும் மாட்டலாம், காற்றும் புகும். மெல்லிய வாட்சுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

★ அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் ஏறினால் சேலம் செவ்வாய்ப்பேட்டை. வெள்ளிக் கொலுசின் தாயகம். கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பற்றவைத்து, மெருகேற்றும் அந்தக் கைகளுக்கு வாட்ச் செயின் எட்டாத வேலை அல்ல. ஆனால் வெள்ளி மென்மையானது. செயினை வாட்சோடு இணைக்கும் ஊசி ஸ்டீலால் ஆனது. அது உராய உராய வெள்ளியின் துளை அகன்றுவிடும். அந்த முனையை மட்டும் ஸ்டீலில் வைக்கச் சொல்லுங்கள். 100-க்கு 92.5 பங்கு வெள்ளியும் மீதி செம்பும் கலந்தால் உறுதி கூடும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கும், கறுக்கட்டும்! வெள்ளை டயலுக்குப் பக்கத்தில் கறுத்த வெள்ளி அத்தனை அழகு.

★ 2002-ல் வந்த டைட்டன் எட்ஜின் தடிமன் 3.5 மி.மீ.; உள்ளிருக்கும் இயந்திரம் 1.15 மி.மீ. மட்டுமே. இவ்வளவு மெல்லிய வாட்சுக்குக் கனத்த செயின் மாட்டினால் கையில் செயின்தான் தெரியும், வாட்ச் தெரியாது.

★ கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலை 1980-களிலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தருகிறது. ஸ்டீல் செயின் வாங்கும்போது 304 ரகமா, 316 ரகமா என்று கேளுங்கள். 316-ல் மாலிப்டினம் சேர்வதால் வியர்வை உப்பு அரிப்பதைத் தாங்கும். கவரிங் போட்டாலே தோல் தடிக்கிறவர்கள் நிக்கல் இல்லாத டைட்டானியம் பார்க்கலாம்.

★ கடைக்குப் போகும் முன், ஸ்ட்ராப் மாட்டும் இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 18 அல்லது 20 மி.மீ. ஒரு மி.மீ. கூடினால் செயின் நுழையாது, குறைந்தால் ஆடிக்கொண்டே இருக்கும்.