நீராடத் தக்க கரை

நட்சுமே சோசெகி 1914இல் எழுதிய 'கொகொரோ' என்னும் நாவலில், மாணவன் ஒருவன் தான் 'ஆசான்' என அழைக்கும் பெரியவரை முதன்முதற் காண்பது காமகுராக் கடற்கரையிலேயாம். அந்நூலைக் கற்றோர் யப்பான் சென்றால் அக்கரையில் நீராட விழைதல் இயல்பே. ஆயினும், கரையைத் தெரியுமிடத்து அழகினும் காவலையே முதற்கண் நோக்குக என்பேன்.

அந்நாட்டு நீராடுதுறைகள் பெரும்பாலும் யூலை, ஓகஸ்ட் மாதங்களிலேயே காவலரோடு திறந்திருக்கும். ஓகஸ்ட் நடுவில் வரும் ஓபொன் என்னும் முன்னோர் வழிபாட்டு விழாவின் பின்னர், இழுதுமீன் மிகும் என்று கடலில் இறங்கப் பலர் தயங்குவர். காலம் வாய்த்ததேல், அடுத்து நோக்கற்பாலது கொடி. செம்மையும் மஞ்சளுமாகிய இரு கொடிகளுக்கு இடைப்பட்ட நீரே காவலர் கண்காணிக்கும் எல்லை. செம்மையும் வெண்மையும் கட்டங்களாய் அமைந்த கொடி அசையுமாயின், அஃது ஆழிப்பேரலை எச்சரிக்கை. அக்கணமே கரையேறி மேட்டுநிலம் சேர்தல் வேண்டும். செவிப்புலன் குன்றியோரும், அலையோசையால் அபாயச்சங்கு கேளாதோரும் கண்ணால் அறியும்பொருட்டு, 2020ஆம் ஆண்டு முதல் இக்கொடி வழக்கில் வந்தது. இக்கொடி பிடிப்பார் உள்ள கரையையே நான் தெரிவேன்.

2004இல் முன்னறிவிப்பின்றி வந்த பேரலைக்குப் பல்லாயிரவரைப் பறிகொடுத்த நமக்கு, அதன் அருமையைப் பிறர் எடுத்துரைத்தல் வேண்டுமோ?