ஊராய் இசைந்த ஊரோம்: ஊர்ப் பெருமை எழுதுவது குறித்துச் சில செய்திகள்

நம் சங்கம் நடத்தும் கல்லூரி உதவித்தொகைக் கட்டுரைப் போட்டிக்குக் கடந்த ஆறு ஆண்டுகளாக நடுவர் மூவரில் ஒருவனாக இருந்து வருகிறேன். மற்ற இருவரில் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, இன்னொருவர் ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர். தலைப்பு ஆண்டுதோறும் ஒன்றேதான்: 'எங்கள் ஊரின் பெருமை'. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் நான்கு பக்கத்துக்கு மிகாமல் தமிழில் எழுத வேண்டும். முதலில் வருபவருக்கு முதலாண்டுக் கல்லூரிக் கட்டணத்தைச் சங்கம் கட்டிவிடும். இதை எப்படி எழுத வேண்டும் என்று பெற்றோர் பலர் என் கடைக்கே வந்து கேட்பதால், அதையே ஒரு கட்டுரையாகத் தரும்படி மலர்க் குழுவினர் பணித்தார்கள். நான் 1978இல் பழைய எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன். பாத்திர வியாபாரி. கல்வெட்டுப் படிப்பெல்லாம் கடை மூடிய பிறகு தானாகக் கற்றது. குறையிருந்தால் பொறுத்தருள்க.

முதலில், வரும் கட்டுரைகள் எப்படி இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு வந்தவை 31. அவற்றில் 19 கட்டுரைகள் கணியன் பூங்குன்றனாரின் அந்தப் புகழ்பெற்ற அடியில் தொடங்கின. எல்லா ஊரும் நம் ஊர் என்று சொன்னவரை மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே எங்கள் ஊர் போல வேறு ஊர் இல்லை என்கிறார்கள் பிள்ளைகள். சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் புலவரே தம் ஊரான பூங்குன்றத்தைத் தம் பெயரோடு சுமந்தவர்தானே! இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டிதான் அந்தப் பூங்குன்றம் என்பர்.

அதற்கடுத்து எல்லாக் கட்டுரையிலும் பச்சைப்பசேல் வயல், சலசலக்கும் ஓடை, கோபுரம், திருவிழா, வெள்ளந்தியான மக்கள். ஓடையில் தண்ணீர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆன ஊர்களை நான் அறிவேன், அங்கேயும் ஓடை சலசலக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கோடை விடுமுறையில் பத்து நாள் போய் வந்த ஊரைப் பற்றி, கட்டணம் கிடைக்க வேண்டுமே என்று, அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். பல கட்டுரைகளில் கையெழுத்து பிள்ளையுடையது, ஏக்கம் அப்பாவுடையது.

சரி, ஊர் என்றால் என்ன? இதைக் கல்வெட்டுகளைக் கேட்டால் நல்ல விடை கிடைக்கும். சோழர் காலத்தில் ஊர் என்பது இடத்துக்கு மட்டும் பெயரில்லை, அவ்விடத்து மக்கள் கூடிய அவைக்கும் அதுவே பெயர். பிராமணர் குடியிருப்பான பிரமதேயத்தில் கூடுவது சபை. வணிகர் கூடுவது நகரம். உழவர் குடியிருப்பில் கூடுவது ஊர். பல ஊர்கள் சேர்ந்தது நாடு. நிலத்தை விற்றோம், வரியை நீக்கினோம், விளக்கெரிக்கப் பொன் பெற்றுக்கொண்டோம் என்று அவர்கள் ஆவணம் செய்யும்போது, 'இன்ன ஊராய் இசைந்த ஊரோம்' என்று தொடங்குவார்கள். இந்தச் சொல்லை நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. இசைந்த என்றால் உடன்பட்ட. ஆக, மண்ணும் மரமும் ஏரியும் இருந்தால் போதாது. கூடியிருந்து ஒரு காரியத்துக்கு உடன்பட்டவர்கள்தாம் ஊர்.

இன்னொன்றும் பாருங்கள். சுமத்ராத் தீவில் பாரூசுக்கு அருகே லோபு துவா என்னும் இடத்தில் கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் வெட்டியது. கடல் கடந்து கற்பூரத்துக்கும் வாசனைப் பொருளுக்கும் போன நம்மவர்கள், தாங்கள் தங்கிய அந்த அயல் பட்டினத்துக்கு ஒரு தமிழ்ப் பெயரும் வைத்து, கூடி முடிவெடுத்துக் கல்லில் வெட்டிவிட்டார்கள். பிழைக்கப் போன இடத்தையும் ஊராக்கிக்கொள்ளும் வழக்கம் நமக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

இனி என் ஊர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர். நான் தமிழ்ச் சமணன், நயினார் என்பார்கள். 1979இல் பம்பாய் வந்து இறங்கிய நாள் முதல் எனக்கு ஒரு சங்கடம். சமணக் கோயிலுக்குப் போனால், "மதராசியா? மதராசியில் ஜைனர் உண்டா?" என்பார்கள். நம் சங்கத்துக்கு வந்தால், "சேட்டு, தமிழ் நல்லாப் பேசறீங்களே" என்பார்கள். இரண்டு இடத்திலும் என் கையில் இருந்த ஒரே சான்று என் ஊர்தான். அதனால்தான் ஊர்ப் பெருமை என்ற சொல்லை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

அந்தச் சான்றைத் தேடித்தான் விடுமுறை தோறும் மலை மலையாக ஏறினேன். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் செதுக்கியிருக்கிறார்கள். அதே குன்றில் சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தி கல்வெட்டாக இருக்கிறது, 'ஐ' என்னும் எழுத்தின் மிகப் பழைய வடிவம் காணப்படும் கல்வெட்டுகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். போளூருக்கு அருகே திருமலையில் ஐம்பது அடி உயர நேமிநாதர். பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரியும் இடங்கள் இவை.

ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது இவை எதுவுமில்லை, ஒரு கிணறு. ஆர்க்காட்டுக்கு அருகே விளாப்பாக்கம். முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 945 வாக்கில், பட்டினிக் குரத்தியடிகள் என்னும் சமணப் பெண் துறவி அங்கே ஒரு கிணறு தோண்டுவித்தார் என்கிறது கல்வெட்டு. அவர் திருப்பான்மலை அரிட்டநேமி ஆசிரியரின் மாணாக்கி. குரத்தி என்றால் பெண் குரு. ஒரு பெண், அதுவும் எல்லாவற்றையும் துறந்தவர், ஊருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். விளாப்பாக்கத்துப் பிள்ளை யாராவது போட்டிக்கு எழுதினால் இந்தக் கிணற்றை எழுத மாட்டார்களா என்று ஆறு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

ஆகவே பெற்றோர் கேட்கும்போது நான் சொல்லும் யோசனை இதுதான். ஊரில் எது பெரியது என்று தேடாதீர்கள். யார், எப்போது, யாருக்காக, என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். ஏரிக்கு மதகு எங்கே, அதைத் திறக்கும் உரிமை யாருக்கு இருந்தது? வயலுக்குப் பெயர் என்ன? எங்கள் ஊரில் ஒரு துண்டு நிலத்துக்குப் பள்ளிமேடு என்று பெயர். பள்ளி என்பது முன்பு சமண முனிவர் தங்கிய இடம். அவர்கள் அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்ததால்தான் இன்று நாம் பள்ளிக்கூடம் என்கிறோம் என்பது அறிஞர் பலர் கருத்து. அந்த மேட்டில் இப்போது மணிலாக் கொட்டை போடுகிறார்கள். இதை எழுதினால் போதும், சலசலக்கும் ஓடை வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த பிழையை இனிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரைக்கே ஒப்புக்கொண்டேன்.

சென்ற ஆண்டு வந்த 31இல் ஒன்று தாராவியைப் பற்றியது. எழுதிய பெண் அங்கேயே பிறந்து மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். முதல் வரியே, 'எனக்கு ஊர் என்றால் தொண்ணூறடிச் சாலை' என்று இருந்தது. கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் சூளை மூட்டும் புகை, கோலிவாடா மீனவர்கள்தாம் அங்கே எல்லோருக்கும் மூத்தவர்கள் என்பது, 1913இல் நம் தமிழர்கள் எழுப்பிய பிள்ளையார் கோயில், எல்லாம் எழுதியிருந்தாள். நடுவில், 'எங்கள் ஊரிலும் கோட்டை இருக்கிறது, அதில் கல்வெட்டும் இருக்கிறது, 1737ஆம் ஆண்டு' என்று ஒரு பத்தி. கடைசியில், மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்காக 2024இல் வந்தவர்கள் வாசலில் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போனதை எழுதி முடித்திருந்தாள்.

நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். ஆசிரியை அம்மாள் இதற்கே முதல் பரிசு என்றார். ரயில்வே ஐயா, "தலைப்பு சொந்த ஊர்னுதானே அர்த்தம்? தாராவி எப்படிச் சொந்த ஊராகும்? வெளியே தெரிஞ்சா நம்ம சங்கத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார். முடிவு என் கையில் வந்தது. நான் அந்தக் கோட்டைப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் 'கற்பனை' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். தாராவியில் கோட்டையாவது, கல்வெட்டாவது! பரிசு ஒரு தஞ்சாவூர்க் கட்டுரைக்குப் போயிற்று. நல்ல கட்டுரைதான், ஆனால் அதில் புதிதாக ஒரு செய்தியும் இல்லை.

நாற்பத்தைந்து வருஷமாக இந்த நகரத்தில் இருக்கிறேன். கடை சயானில். கடையிலிருந்து தாராவி பஸ் டிப்போவுக்குக் கால் மணி நேரம். அந்த நிறுத்தத்துக்கே காலா கில்லா என்றுதான் பெயர், கறுப்புக் கோட்டை என்று பொருள். ஆயிரம் முறை கண்டக்டர் கூவக் கேட்டிருக்கிறேன். ஊர்ப் பெயரிலிருந்து வரலாற்றைத் தேடு என்று எல்லோருக்கும் சொல்பவன், இந்தப் பெயரை ஒருநாளும் நின்று கேட்டதில்லை.

பரிசளிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனம் உறுத்தி, போய்ப் பார்த்தேன். இருக்கிறது. மித்தி ஆற்றங்கரைப் பக்கம், வீடுகளுக்கு நடுவே, செடி முளைத்த கருங்கல் சுவர். சுவரில் ஆங்கிலத்தில் வெட்டிய கல். பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணையால் 1737இல் கட்டப்பட்டது என்று தெளிவாக இருக்கிறது. அதே ஆண்டில்தான் மராத்தியர் படையெடுத்துப் போர்த்துகீசியரிடமிருந்து தாணேயையும் சாஷ்டியையும் பிடித்தார்கள். கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் தம் பம்பாய்த் தீவைக் காத்துக்கொள்ள ஆங்கிலேயர் எழுப்பிய காவற்கோட்டை இது. அந்தப் பெண் எழுதிய ஆண்டில் ஓர் எண்கூடப் பிழையில்லை.

அங்கிருந்து விசாரித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா, "வாங்க அண்ணாச்சி" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கட்டணத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டிவிட்டார்களாம். பிறகு ஆச்சி உள்ளேயிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். பழைய ரேஷன் அட்டை, மின்சார பில்கள், தேர்தல் அட்டை. 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்பது விதி. அதைக் காட்டத்தான் இத்தனை காகிதமும். "கல்லுல வெட்டுன எழுத்தெல்லாம் படிப்பீகளாமே, இதையும் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க ஐயா" என்றார். ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தேன். மிகப் பழைய பில் 1991. மடிப்பில் கிழிந்திருந்தது. செல்லோ டேப் ஒட்டாதீர்கள், எழுத்து போய்விடும், பிளாஸ்டிக் உறையில் வையுங்கள் என்று சொல்லி, இரண்டு படி ஜெராக்ஸ் எடுத்துவந்து கொடுத்தேன். செப்பேட்டுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்ன இடத்தில் இன்னார் இருந்தார் என்று சொல்வதுதானே அதுவும்!

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், "உன் கட்டுரையை இந்த வருஷம் மலரில் போடலாம்மா, நானே ஒரு முன்னுரை எழுதறேன்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரிசு கொடுக்காத கட்டுரையை எதுக்கு அங்கிள் போடணும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் அது இந்த மலரில் இல்லை.

செயற்குழுவில் பேசி இந்த ஆண்டு அறிவிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். 'ஊர் என்பது பூர்வீக ஊராகவும் இருக்கலாம், பிறந்து வளர்ந்த ஊராகவும் இருக்கலாம்.' ரயில்வே ஐயாவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். நடுவர்கள் சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்த்த பிறகே மதிப்பெண் குறைக்க வேண்டும் என்பது நான் கேட்டுக்கொண்டபடி சேர்த்த இரண்டாவது வரி. கட்டுரைகளைச் சங்க அலுவலகத்திலோ என் கடையிலோ கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் பகல் ஒரு மணி வரை கடை உண்டு.