லண்டனே ‘தம்பி’ என்று கூப்பிட்ட அச்சுவேலிக்காரரைத் தெரியுமா?

1940-களில் லண்டனின் ஆங்கிலக் கவிஞர்கள் வாயில் ஒரு தமிழ்ச் சொல் ஓயாமல் புழங்கியது. எந்தச் சொல் தெரியுமா? ‘தம்பி!’ ரத்போன் பிளேஸில் ‘வீட்ஷீஃப்’ என்றொரு மதுக்கடை. கவிஞர் டிலன் தாமஸும் அவர் கூட்டாளிகளும் மாலையானால் கூடும் இடம். அங்கே வயதில் மூத்தவர், இளையவர் எல்லோருக்குமே இந்த அச்சுவேலிக்காரர் தம்பிதான். பெயர் ஜேம்ஸ் துரைராஜா தம்பிமுத்து. யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் 1915 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தவர்!

இவருக்கு அச்சு மை ரத்தத்திலேயே ஊறியது. தாத்தா தம்பிமுத்துப்பிள்ளை அச்சுவேலியில் ‘ஞானப்பிரகாச யந்திரசாலை’ என்ற அச்சுக்கூடமே நடத்தியவர். தமிழ்ப் புலமையும் உள்ளவர். யாழ்ப்பாண வரலாற்றை ஆராய்ந்த பன்மொழி அறிஞர் சுவாமி ஞானப்பிரகாசர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஞானப்பிரகாசரின் விதவைத் தாயை இந்தத் தாத்தா மணந்துகொண்டதால், அவர் கையில் வளர்ந்த மகன்! கத்தோலிக்கக் குடும்பம்தான், ஆனால் பேச்சு தமிழ், மண் சைவ மண். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகம் என்றால் தூரத்துப் பொருளா என்ன? அது வீட்டுத் தொழில். 1932-இல், பதினேழு வயதைத் தொட்டும் தொடாமலும், முதல் ஆங்கிலக் கவிதை நூல் வந்துவிட்டது. இலங்கையைவிட்டுப் புறப்படும் முன்பே 1936-இல் இன்னொன்றும் வந்தது.

1938-இல் லண்டன் வந்து இறங்கும்போது வயது 22. அடுத்த ஆண்டே அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். 1939 ஜனவரியில் கவிஞர் டி.எஸ். எலியட் தமது ‘கிரைட்டீரியன்’ பத்திரிகைக்குக் கடைசி இதழ் போட்டுக் கதவைச் சாத்துகிறார். பிப்ரவரியில், நண்பர் ஆண்டனி டிக்கின்ஸுடன் சேர்ந்து, ‘பொயட்ரி லண்டன்’ முதல் இதழை வெளியே கொண்டுவருகிறார் இந்த யாழ்ப்பாணத்துப் பையன்! போர் மூள்கிறது, காகிதத்துக்கு ரேஷன் வருகிறது, குண்டு விழுகிறது. இதழ் விட்டுவிட்டாவது வந்துகொண்டே இருந்தது. 1942-இல் ஃபேபர் நிறுவனம் போர்க்காலக் கவிதைத் தொகுப்பு வெளியிட்டபோது, தொகுத்தவர் யார்? தம்பிமுத்துதான்.

அவர் அறையில் வந்து குவிந்த கையெழுத்துப் படிகளைக் கட்டிலுக்கு அடியில் இருந்த மூத்திரச் சட்டிக்குள் போட்டு வைத்திருந்தார் என்றொரு கதை இன்றும் உலவுகிறது. சிரிப்பதற்காகச் சொல்லப்படும் கதை அது. அதைச் சொல்பவர்கள் கவிஞன் கீத் டக்ளஸையும் சேர்த்துச் சொன்னால் தேவலை. பாலைவனப் போர்முனையிலிருந்து அந்த இளைஞன் கவிதைகளை அனுப்பியது இந்தத் தம்பிக்குத்தான். 1944 ஜூன் 9 அன்று நார்மண்டியில் அவன் செத்து விழுந்தபோது வயது 24. அவனுடைய போர் அனுபவ நூல் 1946-இல் அச்சேறியது. போட்டது தம்பிமுத்துவின் பதிப்பகம். இரண்டாம் உலகப்போரின் தலைசிறந்த ஆங்கிலக் கவிஞன் என்று இன்றைக்குப் பலரும் கொண்டாடுவது அவனைத்தான். போர்க்கால லண்டனில் மக்கள் சுரங்க ரயில் நிலையங்களில் படுத்துறங்கியதைச் சிற்பி ஹென்றி மூர் வரைந்தாரே, அந்த ஓவியங்களை 1945-இல் புத்தகமாக்கியதும் அதே பதிப்பகம்!

இப்படி ஒருவரை நாம் இவ்வளவு சுலபமாக மறந்துவிட்டோமே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஆங்கிலத்தில் எழுதினார் என்பதற்காகவா?

சரி, இதையும் கேளுங்கள். அறுபது வயதானால் நம் ஊரில் மணிவிழா எடுப்போம் அல்லவா? 1948-இல் எலியட்டுக்கு அறுபது. ரிச்சர்ட் மார்ச்சுடன் சேர்ந்து தம்பிமுத்து அவருக்கு ஒரு மலரே தொகுத்தார். அது போதாதென்று தாமே ஒரு நெடுங்கவிதை எழுதித் தனி நூலாகக் கொடுத்தார். அச்சுவேலிக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை, லண்டனில் உட்கார்ந்து, ஆங்கிலக் கவிதையின் பெரியவருக்குக் கொடுத்த அந்தப் பரிசுக்கு வைத்த பெயர் தெரியுமா?

‘நடராஜா!’