மடகாஸ்கரில் ஒரு தச்சர் குடும்பம்

மிஷனரி என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது நீண்ட அங்கியும் கையில் வேத புஸ்தகமுமாக ஓர் உருவந்தான். உளியும் ரம்பமும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறிய மிஷனரிகளும் உண்டு என்பதைப் பலர் அறியார். அத்தகைய ஒருவருடைய வரலாற்றையும், அவரைப் போன்ற குடும்பங்கள் அந்நிய மண்ணில் நடத்திய வாழ்க்கையையும் இங்கே சிறிது பார்ப்போம்.

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, இந்து மகாசமுத்திரத்தில் இருக்கும் பெருந்தீவு மடகாஸ்கர். அதன் நடுவே, கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேல், மலைகளின்மீது அமைந்தது அந்தனானரிவோ நகரம். 1810 முதல் 1828 வரை அங்கே அரசாண்ட முதலாம் ராதாமா, தன் ராஜ்யத்தார் கைத்தொழில் கற்க வேண்டும் என்று விரும்பினார். 1817-ல் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்து, அடிமைகளை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை நிறுத்தினார். அதற்கு ஈடாக அவர் கேட்டவற்றுள் தொழில் பயிற்சியும் ஒன்று. நாகர்கோவிலில் பள்ளிகள் நடத்திய அதே லண்டன் மிஷன் சங்கத்தார்தாம் அங்கும் ஆள் அனுப்பினார்கள்.

காடும் காய்ச்சலும்

ஆரம்பமே துக்கமாக இருந்தது. 1818-ல் வேல்ஸ் தேசத்திலிருந்து ஜோன்ஸ், பெவன் என்ற இரண்டு இளைஞர்கள் தமதாவே துறைமுகம் சேர்ந்தார்கள். அவர்களுடைய மனைவியரும் கைக்குழந்தைகளும் கரையிறங்கினர். சில மாதங்களுக்குள் கடற்கரைக் காய்ச்சல் ஐந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. மனைவியையும் குழந்தையையும் நண்பனின் குடும்பத்தையும் அடக்கம் செய்துவிட்டு ஜோன்ஸ் ஒருவரே மிஞ்சினார். அப்படியும் அவர் ஊருக்குத் திரும்பி விடவில்லை. 1820-ல் மலையேறித் தலைநகரை அடைந்தார்.

தம் ராஜ்யத்துக்கு இரண்டு தளபதிகள் உண்டென்று அந்நாட்டு அரசர்கள் பெருமை கொண்டதாகச் சொல்லுவார்கள். ஒருவன் பெயர் ஹாஸோ. மற்றவன் பெயர் தாஸோ. ஹாஸோ என்றால் காடு. தாஸோ என்றால் காய்ச்சல். பகைவர் படை ஏறி வராதபடி கடற்கரையிலிருந்து சாலையே போடாமல் விட்டிருந்தார்கள். ஆகையால் தமதாவேயிலிருந்து தலைநகர் வரையில் சுமார் 200 மைலும் மனிதர் தோளில்தான் பிரயாணம். பட்டடைக் கல்லும், அச்சு யந்திரமும், தொட்டில் குழந்தையும் அந்தச் சுமைகாரர் தோளில் ஏறித்தான் மலைக்கு வந்தன.

யந்திரத்தைப் பூட்டிய தச்சர்

1826-ல் அங்கே வந்து சேர்ந்தவர் ஜேம்ஸ் காமரன். ஸ்காட்லாந்தில் 1800-ல் பிறந்தவர். தச்சு வேலையிலும் யந்திர வேலையிலும் கைதேர்ந்தவர். மிஷனின் அச்சுத் தொழிலாளி வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே இறந்து போனார். யந்திரம் பெட்டிகளில் பிரிந்து கிடந்தது. அச்சுத் தொழில் அறியாத காமரன் அதைத் தாமே பூட்டி நிறுத்தினார். 1827-ன் தொடக்கத்தில் மலகாசி பாஷையில் ஆதியாகமத்தின் சில வசனங்கள் அதில் அச்சாகி வெளிவந்தன.

அக்குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையை நாம் ஊகிப்பது கடினமன்று. நம்மைப் போலவே அந்நாட்டாருக்கும் சோறுதான் உணவு. நகரைச் சுற்றிலும் நெல்வயல்கள். ஆண்கள் பட்டறையில் நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்கு மரவேலையும் இரும்பு வேலையும் கற்பித்தார்கள். பெண்கள் அந்நாட்டுச் சிறுமிகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தார்கள். சொந்த ஊரிலிருந்து ஒரு கடிதம் வருவதற்கு மாதக் கணக்காகும். குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால், அந்தச் செய்தி பாட்டிக்கு எட்டுவதற்குள் குழந்தை பிழைத்து ஓடியாடும். அல்லது மண்ணுக்குள் போயிருக்கும்.

ராணி கேட்ட கேள்வி

1828-ல் ராதாமா இறந்தபின் அவருடைய மனைவி முதலாம் ரணவலோனா பட்டத்துக்கு வந்தார். அந்நியரை அவர் நம்பவில்லை. ‘கற்பித்ததற்கு நன்றி, இனி நீங்கள் போகலாம்’ என்ற பொருளில் அதிகாரிகள் வந்து சொன்னார்கள். கற்பிக்க வேண்டியது இன்னும் எவ்வளவோ உண்டு, கிரேக்கமும் எபிரேயமும் இருக்கின்றன என்று மிஷனரிகள் பதில் கூறினார்கள். யாரும் பேசாத பாஷையில் ராணிக்கு அக்கறையில்லை. இந்நாட்டுப் பொருள்களைக் கொண்டே சோப்புச் செய்ய உங்களால் முடியுமா என்று திருப்பிக் கேட்டார்கள் அதிகாரிகள்.

எல்லோரும் காமரனைப் பார்த்தார்கள். அவர் ஒரு வாரத் தவணை கேட்டார். வாரம் முடிந்ததும் சிறிய சோப்புக் கட்டிகளை ராணியின் ஆட்களிடம் கொடுத்தார். அந்தச் சோப்பினால் மிஷனரிகள் இன்னும் சில ஆண்டுகள் அங்கே தங்க முடிந்தது. ராணியின் கேள்வியை நாம் வெறும் முரட்டுத்தனம் என்று தள்ளிவிடலாகாது. வெளியிலிருந்து வரும் கல்வி எதுவாயினும், என் ஜனங்களுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு தேசத்துக்கும் உண்டு.

காமரன் செய்த வேலைகளில் ஒன்று அனோஸி ஏரி. நகரத்தின் அடிவாரத்தில் வெட்டப்பட்ட அந்த ஏரியின் நீர், வெடிமருந்து ஆலையை ஓட்டுவதற்காகத் தேக்கப்பட்டது. சமாதானப் பிரபுவின் ஊழியருக்கு இத்தகைய வேலையா என்று வாசகர்கள் கேட்கலாம். அதைக் காட்டிலும் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. மண் சுமந்தவர்களுக்குக் கூலி கிடையாது. அரசாங்கத்துக்கு ஊதியமின்றி உழைக்கும் ‘ஃபனொம்புவானா’ என்ற வழக்கப்படி ஜனங்கள் பிடித்து வரப்பட்டார்கள். மிஷனரியின் திட்டம், ராணியின் ஆணை, ஏழையின் முதுகு. இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த ஏரி உண்டாயிற்று. காமரனைப் போற்றும்போது இதை மறைத்தல் நியாயமன்று.

போவதா, இருப்பதா?

1835 மார்ச்சு முதல் தேதி ராணி தம் ஜனங்களைக் கூட்டிக் கிறிஸ்தவ மதத்துக்குத் தடை விதித்தார். அந்நியர் தம் மதத்தைத் தாம் அநுசரிக்கலாம், ஜனங்களுக்குப் போதிக்கலாகாது, உபயோகமான தொழில் கற்பிக்கத் தடையில்லை. இதுவே உத்தரவு. காமரனைப் போன்ற தொழிலாளிக்கு இது சோதனையான கட்டம். வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும், குடும்பத்துக்கும் கவலையில்லை. அவர் அவ்வாறு இருக்க இசையவில்லை. அவ்வருஷமே குடும்பத்துடன் புறப்பட்டுத் தென்னாப்பிரிக்காவிலுள்ள கேப் டவுன் நகரில் குடியேறினார்.

அங்கே தங்கியிருந்தபோதும் மடகாஸ்கர் அவரை விடவில்லை. 1861-ல் ராணி இறந்து கதவு திறந்ததும், 1863-ல், அறுபத்து மூன்றாம் வயதில் திரும்பி வந்தார். இடைக்காலத்தில் அந்நாட்டுக் கிறிஸ்தவர் பலர் உயிரிழந்திருந்தனர். 1849-ல் சிலர் செங்குத்தான பாறையிலிருந்து தள்ளப்பட்டார்கள், சிலர் எரிக்கப்பட்டார்கள். அவர்கள் மாண்ட இடங்களில் ஞாபகார்த்தக் கோயில்கள் எழும்பின. அவற்றுள் முதலாவதான அம்பதோனகாங்கா கோயில், ஜேம்ஸ் சிப்ரீ என்ற இளைஞரின் திட்டப்படி அமைந்து, 1867-ல் திறக்கப்பட்டது.

கல்லும் செங்கல்லும்

அந்நாட்டாருக்குள் வெகுகாலமாக ஒரு கொள்கை இருந்தது. உயிருள்ளோர் வசிக்கும் வீடு, ஒருகாலத்தில் உயிரோடிருந்த மரத்தாலும் புல்லாலும் ஆக வேண்டும். குளிர்ந்த கல் இறந்தோருக்கே உரியது. ஆகையால் தலைநகருக்குள் கல்லாலும் செங்கல்லாலும் வீடு கட்டத் தடையிருந்தது. இரண்டாம் ரணவலோனா ராணியின் காலத்தில் அத்தடை நீங்கியது. மலையுச்சியிலிருந்த பெரிய மர அரண்மனையைச் சுற்றிக் கருங்கல் சுவரும் மூலைக் கோபுரங்களும் எழுப்பும் பொறுப்பு முதியவரான காமரனிடம் வந்தது.

காமரன் 1875-ல் அந்தனானரிவோவிலேயே காலமானார். பிறகு பிரெஞ்சுக்காரர் படையெடுத்து, 1896-ல் அத்தீவைத் தம் குடியேற்ற நாடாக்கினார்கள். முதலாம் ரணவலோனாவின் அச்சம் முழுவதும் ஆதாரமற்றதன்று என்பதை அப்போது உலகம் கண்டது. 1960-ல் மடகாஸ்கர் மீண்டும் சுதந்திரம் அடைந்தது. 1995 நவம்பரில் மூண்ட பெருந்தீயில் அரண்மனையின் மரப்பகுதி முழுவதும் சாம்பலாயிற்று. கல்சுவர் மாத்திரம் நின்றது.

அந்தச் சுவரைவிட நிலையான ஒன்றையும் நாம் குறிப்பிட வேண்டும். மலைநாட்டில் இன்று காணும் செங்கல் வீடுகளும், தூண்கள் தாங்கும் தாழ்வாரங்களும் அக்காலத்துத் தொழிற் பயிற்சியிலிருந்து வளர்ந்தவை. அவற்றைக் கட்டுபவர்கள் அந்நாட்டுக் கொத்தர்களே. செங்கல்லை அவர்கள் ‘பிரிக்கி’ என்கிறார்கள். புஸ்தகத்தை ‘பூக்கி’ என்கிறார்கள். அந்நிய வார்த்தைகளை அவர்கள் தம் நாவுக்கு இசையத் திருத்திக்கொண்டது போலவே, அந்நியர் கற்பித்த தொழிலையும் தம் கைக்கு இசையத் திருத்திக்கொண்டார்கள். தமதாவேயில் மாண்ட தாய்மாரும், கைக்குழந்தைகளும், கூலியின்றி மண் சுமந்தோரும் கொடுத்த விலைக்கு அத்தேசம் பெற்றது இதுவே.